செய்த மொய், வந்த மொய்

வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்குச் சிங்கப்பூரில் பயிற்சித் திட்டங்கள் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இந்த மடலை எழுதுகிறவன் ஓய்வுபெற்ற ஒரு குழாய்க்காரன். பெயர் அட்டையில் பொறியாளர் என்றுதான் இருந்தது. ஆனாலும் பணிக்காலத்தின் முதல் பாதியை நடுநிசியில் சாலையோரம் குனிந்து, நீண்ட இரும்புத் தடியின் ஒரு முனையை வால்வின் தலையிலும் மறுமுனையைக் காதிலும் ஒட்டிவைத்து, மண்ணுக்கடியில் தண்ணீர் கசியும் ஓசைக்குக் காத்திருந்தே கழித்தேன். பிற்பாதியில் என்னை வகுப்பறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், தெற்காசியா, மத்திய ஆசியா என்று எங்கெங்கிருந்தோ ஒரு வாரம், இரண்டு வாரப் பயிற்சிக்கு வரும் அதிகாரிகளுக்கு, நீர் இழப்பைக் குறைப்பது எப்படி என்று பதினாறு ஆண்டுகள் பாடம் எடுத்தேன். எத்தனை பேருக்கு எடுத்தேன் என்று கேட்டால் இப்போதும் தடுமாறாமல் சொல்லுவேன். அந்த எண்ணிக்கையை மட்டும் ஆண்டு தவறாமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களால் அவரவர் ஊரில் ஒரு கசிவாவது அடைபட்டதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். சுற்றிவளைத்துத்தான் சொல்லப்போகிறேன், ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

என் தாயார் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும் ஊர்கள் அவை. சிறுவனாக விடுமுறைக்குப் போயிருந்தபோது, பந்தல் வாசலில் மேசை போட்டு ஒருவர் பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுத, பக்கத்தில் இன்னொருவர் பணத்தை எண்ணிப் பாத்திரத்தில் போடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெளியாட்களுக்கு அது தர்மம் போலவோ கடன் போலவோ தெரியும். இரண்டும் இல்லை. இன்று வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பிச் செய்தாக வேண்டும். கூடக் கொஞ்சம் சேர்த்துச் செய்வதுதான் மரியாதை. வட்டி கிடையாது, மறதிக்கும் மன்னிப்புக் கிடையாது. என் மாமா வீட்டில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று வந்த மொய்க்கு, இன்னொன்று செய்த மொய்க்கு. செய்ததை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, வந்ததை எழுதாமல் விட்ட ஒரு மனிதரைப் பற்றி அந்த ஊரில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதை ஐக்கிய நாடுகள் நிறுவனம் தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்கிறது. அது, என் அறிவுக்கு எட்டியவரை, நாடுகளுக்கிடையே நடக்கும் மொய்தான். 1955 ஏப்ரலில் இந்தோனீசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது அதற்குப் பந்தக்கால் நட்டார்கள். 1964 ஜூன் 15 அன்று ஜெனீவாவில் 77 நாடுகள் ஒரு குழுவாகின. இன்று அதில் 134 நாடுகள் இருக்கின்றன, பெயர் மட்டும் இன்னும் 77. பிறகு 1978 செப்டம்பர் 12. புவனோஸ் ஐரிசில் 138 நாடுகள் சேர்ந்து, வளரும் நாடுகள் தங்களுக்குள் தொழில்நுட்பம் பகிர்ந்துகொள்வதற்கான செயல்திட்டத்தை ஏற்றன. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நீங்கள் நடத்தும் கருத்தரங்கின் காரணம் அதுதான். பணக்கார நாடுகள் தர வேண்டிய உதவிக்கு இது மாற்று ஆகாது என்று அந்தத் திட்டமே தெளிவாகச் சொல்லிவைத்தது. எழுதியவர்கள் விவரமானவர்கள், ‘நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களே, பிறகு நாங்கள் எதற்கு’ என்று வடக்கே கை கழுவிவிடுவார்கள் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கை கழுவுவது இப்போது கண்முன் நடக்கிறது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 முதல் தன் உதவித் திட்டங்களை நிறுத்திக்கொண்டது. ஐரோப்பாவிலும் பட்ஜெட்டைச் சுருக்குகிறார்கள். 2015 செப்டம்பர் 25 அன்று உலகமே ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கும் அவற்றின் 169 உட்பிரிவுகளுக்கும் கெடு 2030. ஐநாவின் 2024 அறிக்கை, அவற்றில் 17 விழுக்காடு மட்டுமே சரியான பாதையில் போவதாகச் சொன்னது. பாதுகாப்பான குடிநீர் வீட்டுக்கு வராத மக்கள் உலகில் இன்னும் இருநூறு கோடிக்கு மேல். ஆகவே அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுக்கொன்று என்ன செய்துகொள்கின்றன என்பது முன்னெப்போதையும்விட இப்போது பெரிய விஷயம்.

இதில் நம் வீடு எது என்று கோப்பிக்கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். ‘சிங்கப்பூர் வளரும் நாடா? அதை ஏன் நம்மிடம் கேட்கிறீர்கள், சிவத்திடம் கேளுங்கள், அவர் மகன் இப்போதுதான் கொண்டோமினியம் வாங்கினான்’ என்றார் ஒரு நண்பர். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பணக்கார நாடுகளின் அமைப்பான பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 1996-இல் உதவி பெறும் நாடுகளின் பட்டியலிலிருந்து நம்மை எடுத்துவிட்டது. ஆனால் அந்த 77 நாடுகள் குழுவில் நாம் இன்னும் உறுப்பினர். விருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் பந்தலை விட்டுப் போகாமல் பரிமாற நின்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு வந்த மொய் கொஞ்சமில்லை. 1960-இல் ஐநா அனுப்பிய குழுவோடு வந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ், 1984 வரை நமக்கு ஆலோசனை சொன்னார். 1963-இல் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் உள்ளிட்ட மூவர் குழு வந்து நகரமைப்புக்கு வழி காட்டியது. நிலப் பயன்பாட்டுக்கான 1971-இன் முதல் கருத்துநிலைத் திட்டம் ஐநா உதவியோடு வரைந்தது. 1983-இல் ஜப்பான் உற்பத்தித்திறன் திட்டம் ஒன்றை நமக்காக நடத்தியது. அந்தக் கடப்பாட்டை மறக்காமல்தான் 1992-இல் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கி, இன்றுவரை 150,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் அதன்வழி பயின்றிருக்கிறார்கள். அறுபது லட்சம் சொச்சம் பேர் கொண்ட ஒரு நகரத்துக்கு இது பெரிய காரியம். இதைக் குறைத்துப் பேசுகிறவன் நான் இல்லை. அந்த எண்ணிக்கையில் என் பங்கும் இருக்கிறது.

என் மனத்தாங்கல் வேறு. இனி நான் சொல்லப்போவது, நான் பாடம் எடுத்த ஒரு பயிற்சி நிலையத்தைப் பற்றியது. எது என்று சொல்ல மாட்டேன், அது முக்கியமும் இல்லை.

ஒவ்வொரு வகுப்பின் கடைசி நாளிலும் ஒரு படிவம் கொடுப்பார்கள். தங்கும் விடுதி எப்படி, உணவு எப்படி, பேச்சாளர் தெளிவாகப் பேசினாரா, அறையில் குளிர் அதிகமா, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுங்கள். அறை குளிர்வதாகத்தான் எல்லாரும் எழுதுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எதைச் செய்வீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. பிறகு சான்றிதழ், குழுப் படம், முஸ்தபா சென்டர், விமான நிலையம். ஒருமுறை, ஓராண்டு கழித்து இவர்களுக்கு எழுதி விசாரிக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, வருத்தத்தோடுதான் சொன்னார்: ‘ஐயா, வகுப்பு முடிந்ததும் கோப்பும் முடிந்துவிடும். அதற்கப்புறம் செலவு எழுத இடமில்லை.’

சரி, மின்னஞ்சலுக்கு என்ன செலவு என்று நானே எழுதினேன். அந்த வகுப்பில் இருந்த இருபத்து மூன்று பேரில் ஏழு பேர் பதில் போட்டார்கள். அந்த ஏழு கடிதங்களையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன். பதினாறு ஆண்டில் நான் பெற்ற பயிற்சி என்று ஏதாவது உண்டென்றால் அது அந்தக் கடிதங்கள்தான்.

ஒருவர் ஊர் திரும்பிய இரண்டே மாதத்தில் பொதுநூலகத் துறைக்கு மாற்றப்பட்டுவிட்டார். குழாய்ப் பாடம் எல்லாம் அவரோடு நூலகத்துக்குப் போய்விட்டது. இன்னொருவர், நான் காட்டிய உணர்கருவி வலைப்பின்னலின் விலையை விசாரித்தாராம். தன் துறையின் ஓராண்டு பராமரிப்புப் பணத்தைவிட அது அதிகம் என்று பணிவாக எழுதியிருந்தார். மூன்றாமவர் பசிபிக் தீவு ஒன்றைச் சேர்ந்தவர். அவர் தீவில் ஆறும் இல்லை, கிணற்றிலும் உப்பு. கூரையில் விழும் மழைதான் குடிநீர். ஆழ்சுரங்கச் சாக்கடையைப் பற்றி நான் மூன்று மணி நேரம் பேசியபோது அவர் முகத்தில் இருந்த அதே புன்னகையோடு எழுதியிருந்தார்: ‘உங்கள் சுரங்கம் மிக அழகானது.’ ஆனால் தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்த வேறொரு தீவுக்காரர், மழையின் முதல் சில நிமிட அழுக்குத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் தனியே ஒதுக்கிவிடும் ஒரு குழாய் அமைப்பைக் கைத்துண்டுத் தாளில் வரைந்து காட்டினாராம். ஊர் திரும்பி மூன்று பள்ளிக்கூடங்களில் அதைப் பொருத்திவிட்டார். மூன்று மணி நேரம் பேசிய எனக்கு அதில் பங்கில்லை. பிரியாணி வாங்கிக்கொடுத்ததற்கு வேண்டுமானால் கொஞ்சம் பங்கு கேட்கலாம்.

நான்காவது கடிதம் இரும்புத் தடியைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படித்தது எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, நினைவில் நின்றது எவ்வளவு என்று கணக்கெடுப்பது முடியாத காரியம் என்று சிலர் சொல்வார்கள். தொலைவில் போக வேண்டாம், வங்காளதேசத்தைப் பாருங்கள். 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே வயிற்றுப்போக்கால் சாகிறவர்களைப் பிழைக்கவைக்கலாம் என்று கண்டார்கள். 1971 போரின்போது வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் அதை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காட்டினார். அதன்பின் 1980 முதல் பத்தாண்டுகள், பிராக் என்ற அமைப்பின் பெண் பணியாளர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். மூன்று விரல் நுனியில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், தாய்மாரையே கலக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது சம்பள முறையை. பணியாளர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதற்குக் கூலி இல்லை. ஒரு மாதம் போல் கழித்து வேறொருவர் வந்து சில வீடுகளில் கேட்பார்: எத்தனை விரல் உப்பு, எவ்வளவு வெல்லம்? தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குப் பணம். நினைவிருந்தும் தாய்மார் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது, காரணம் தேடிப் போனார்கள். கற்றுக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அப்போது வெளிப்பட்டது. முதலில் அவர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. வறுமையின் அடையாளமாக உலகம் பேசிய ஒரு நாடு, பயிற்சிக்குப் பின் விசாரிப்பதற்கு வழி கண்டுபிடித்தது. நம் கோப்பில் அதற்குச் செலவு எழுத இடமில்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஊரிலிருந்தே இன்னொன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் பதினோரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கினார். 1992 முதல், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அங்கேயே குறைந்த விலைக்குச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். அவர்களுடைய பயிற்சி நிலையம் மற்ற நாட்டு மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் விதம் அவ்வளவாகத் தெரியாது. முதலில் இவர்கள் அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். பிறகு மருத்துவர், நிர்வாகி, தாதி என்று ஒரு குழுவாக மதுரைக்கு வரவழைக்கிறார்கள். அதன்பின் மறுபடி அங்கே போய், சொன்னது நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். தனியாக ஒரு இயக்குநரை அழைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் அவர் நூலகத் துறைக்குப் போய்விடக்கூடும். குழுவாக வந்தால் ஒருவர் போனாலும் மற்றவர்கள் இருப்பார்கள். வால்வைத் திருகுகிறவனை நம் வகுப்புகளில் நான் பார்த்ததே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வால்வைத் திருகச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்.

இனி வந்த மொய் நோட்டுக்கு வருகிறேன். என் துறையில் நமக்குப் பெருமை உண்டு. 1980-களின் இறுதியில் பத்து விழுக்காட்டைத் தாண்டியிருந்த நீர் இழப்பை 1990-களின் நடுவில் ஆறு விழுக்காட்டு அளவுக்கு இறக்கினோம். அந்தப் படத்தை வகுப்பில் போடும்போது என் குரல் சற்று உயரும். பல நகரங்களில் முப்பது, நாற்பது விழுக்காடு தண்ணீர் கணக்கில் வராமலே போகிறது. ஆனால் நம்மைவிடப் பெரிய கதை பக்கத்திலேயே இருக்கிறது. 1993-இல் கம்போடியாவின் தலைநகர் நோம்பென்னில் நூறு லிட்டர் தண்ணீர் விட்டால் எழுபத்திரண்டு லிட்டர் காணாமல் போனது. நாளுக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணீர். அந்த ஆண்டு அந்நகர நீர் வாரியத்தின் பொறுப்பேற்ற எக் சொன் சான், போல் பாட் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். களவாடியவர்களில் தன் ஊழியர்களே இருப்பதைக் கண்டு அங்கிருந்து தொடங்கினார். திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுத்தவர்களுக்குப் பரிசு தந்தார். ராணுவமாக இருந்தாலும் அமைச்சாக இருந்தாலும் மீட்டர் வைக்க வேண்டும் என்றார். மீட்டர் வைக்கப் போன இடத்தில் ஒரு தளபதி துப்பாக்கியைக் காட்டினார். தளபதி வீட்டுத் தண்ணீர் துண்டிக்கப்பட்டது. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தைக் குறைத்தும் தவணை முறையில் செலுத்தவிட்டும் கொடுத்தார்கள். 2010 வாக்கில் அங்கே இழப்பு ஆறு விழுக்காட்டுப் பக்கம் வந்துவிட்டது, இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர். வெளிநாட்டுப் பணமும் வந்தது, மறுக்கவில்லை. பணம் வந்த எல்லா ஊரிலும் இது நடந்துவிடவில்லையே.

பத்திலிருந்து ஆறுக்கு வந்தவன், எழுபத்திரண்டிலிருந்து ஆறுக்கு வந்தவன். நாற்பதில் நிற்கும் ஊர்க்காரருக்கு எவன் வாத்தியார்? என் பதினாறு ஆண்டில் நோம்பென்காரர்கள் மாணவர்களாக என் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரையாவது மேடைக்கு அழைத்து, நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இதில் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஏட்டைத் திறக்காமல் வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனாலும் மொய் வந்துகொண்டுதான் இருந்தது. இரும்புக் குழாயில் ஓசை தெளிவாகக் கடத்தப்படும். பிளாஸ்டிக் குழாயில் மந்தமாகிவிடும், தடியை வைத்துக் கேட்டால் ஒன்றும் புரியாது. இதை வகுப்பில் சொல்லி, ஆகவே விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று முடிப்பேன். ஒருநாள் ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றின் நீர்த்துறைக்காரர் கையைத் தூக்கி, ‘எங்கள் ஊரில் எல்லாம் பிளாஸ்டிக்தான். வெயில் காலத்தில் நாய் எங்கே படுக்கிறது என்று பார்ப்போம்’ என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மண் ஈரமாக இருந்தால் குளிர்ச்சி. நாய்க்கு அது தெரியும். அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் அதன் அழகு எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதரின் ஊரை மட்டும் சொன்னதில்லை, ஏனென்றால் எழுதிவைக்கவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருமுறை நீர்வளத்துறை அலுவலர் ஒருவர் வந்திருந்தார். ஆண்டு முழுதும் ஓடும் ஆறே இல்லாத, சுண்ணாம்புக்கல் மேல் கிணறுகளை நம்பி வாழும் தீபகற்பம் அது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். வகுப்பில் மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் ‘அண்ணை, நீங்கள் தமிழோ?’ என்று கேட்டு, பத்து நிமிடத்தில் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றும் கத்திமுனை. அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அறுபது வயது வாத்தியாரிடம் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூச்சம். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. தமிழ்நாடு, இலங்கையின் வடக்கு, கிழக்கிலிருந்து குழாய் பொருத்துகிறவர்களையும் மேற்பார்வையாளர்களையும் அழைத்து ஒரு வகுப்பைத் தமிழிலேயே நடத்த நம்மிடம் ஆள் இல்லையா? மலாயில் தீமோர்க்காரர்களோடு பேச ஆள் இல்லையா? தீமோர் லெஸ்தே 2025 அக்டோபரில் ஆசியானின் பதினோராவது உறுப்பினராகிவிட்டது. அங்கே இந்தோனீசிய மொழி தெரிந்தவர்கள் நிறைய. நம் நான்கு மொழிகளும் தேசிய தினத்தில் பாடுவதற்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

தெற்கு என்று சொன்னவுடன் எல்லாரும் சமம், எல்லாரும் உறவு என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது இரண்டு தெற்கு நாடுகளுக்கிடையேதான். மொய் விருந்திலும் கடனாளியாகி நிலத்தை விற்றவர்கள் உண்டு. அதனால்தான் கணக்கு இரண்டு நோட்டிலும் இருக்க வேண்டும் என்கிறேன். யார் யாருக்கு என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று எழுதிவைத்த இடத்தில் பெருமையும் அளவோடு இருக்கும், ஏமாற்றும் அளவோடு இருக்கும்.

நான் கேட்பது மிகச் சிறிது. ஒரு வகுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, வகுப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்துச் செலவழிக்க வேண்டும் என்று கட்டிவையுங்கள். ஒரு தொலைபேசி அழைப்போ நேரில் போய்வருவதோ உங்கள் விருப்பம். இருபத்து மூன்று ஊரிலிருந்து ஆளுக்கொருவர் வருவதற்குப் பதில் ஆறு ஊரிலிருந்து ஊருக்கு நால்வர் வரட்டும், அந்த நால்வரில் ஒருவர் கையில் தழும்பு உள்ளவராக இருக்கட்டும். எண்ணிக்கை குறையாது, அறிக்கைக்கும் பங்கம் வராது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், வந்தவர்களிடம் நாம் என்ன கற்றோம் என்று ஒரு பக்கம் எழுதி, எழுதியவர் பெயரையும் சொல்லிக்கொடுத்தவர் ஊரையும் போட்டு வெளியிடுங்கள். நம் இளம் அதிகாரிகளை அந்த வகுப்புகளின் பின்வரிசையில் உட்காரவையுங்கள். பரிமாறுகிறவர்கள் பந்தியில் உட்காரக் கூடாது என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை.

நான்காவது கடிதத்தைச் சொல்லாமல் விட்டேன். ஒரு வகுப்பின்போது மூன்று பேரை, விதிமுறைக்கு உட்பட்டதா என்று யாரையும் கேட்காமல், இரவு இரண்டு மணிக்கு கேலாங் பக்கம் அழைத்துப் போனேன். அந்த நேரத்தில்தான் வண்டிச் சத்தம் அடங்கும், வீடுகளில் குழாய் மூடியிருக்கும், அழுத்தம் ஏறும். கசிவு இருந்தால் அது விடாமல் ‘சீ’ என்று இழுக்கும். மின்மாற்றியின் ஓசை ‘உம்’ என்று தடிக்கும். யாரோ குளிக்கிறார் என்றால் நடுவில் நின்றுவிடும். மூவரில் ஒருவர் அரைமணி நேரம் தடியை விடவே இல்லை. விமான நிலையத்தில் அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள் அடங்காமல் கோல்ஃப் மட்டைகளோடு சேர்த்து ஏற்றினார்கள். அவர் ஊரில் பழைய இரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தடியைப் பார்த்து உள்ளூர்க் கொல்லர் பதினோரு தடிகள் செய்துவிட்டதாக எழுதியிருந்தார். இரவுக் குழு ஒன்றும் தொடங்கியிருந்தார்கள்.

சென்ற மாதம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. தடியின் முனையில் கைபேசியை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். இது கசிவா, பக்கத்து அரிசி ஆலையின் மோட்டாரா என்று கேட்டிருந்தார். காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நாலைந்து தடவை கேட்டேன். மனைவி சமையலறை விசிறியை நிறுத்திக் கொடுத்தார். கசிவுதான், தோண்டுங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. அங்கே இப்போது மழைக்காலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய்க்காரன்,
அங் மோ கியோ